சரிபார்த்த ஓட்டை

எங்கள் வீட்டுக்குள் எந்த மாத்திரையும் நேராக நுழைந்துவிட முடியாது. முதலில் அப்பாவின் விசாரணைக்கு வந்தாக வேண்டும்.

அப்பா முப்பத்தொரு வருடம் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்றபோது துறை அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. டிக்கெட்டில் ஓட்டை போடும் 'பஞ்ச்' என்ற இரும்புக் கருவியை அவராகவே எடுத்துக்கொண்டார். கடிகாரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று இன்றும் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை வானொலியோடு ஒத்துப் பார்க்கிறார். பஞ்சை மட்டும் அவர் சந்தேகப்பட்டதே கிடையாது.

மற்ற எதற்கும் விலக்கு இல்லை. ஃபிரிட்ஜ் கதவை மூடியதும் உள்ளே விளக்கு அணைகிறதா என்பது அவருடைய நெடுநாள் கேள்வி. ஒரு நாள் என் கைபேசியில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினார். எடுத்துப் பார்த்தால் விளக்கு அணைந்திருந்தது. "கேமரா இருக்கறது தெரிஞ்சு அணையுது" என்றார்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை மாத்திரைப் பரிசோதனை. சாப்பாட்டு மேசை மேல் வெள்ளைத் துண்டை விரிப்பார். இடது பக்கம் டாக்டரின் சீட்டு, வலது பக்கம் கடையிலிருந்து வந்த அட்டைகள். பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுவார். காலாவதித் தேதியைச் சத்தமாகப் படிப்பார். எத்தனை மில்லிகிராம் என்பதைப் பார்த்து, சீட்டில் இருப்பதும் அதுவேதான் என்று உறுதியானதும், பஞ்சை எடுத்து அந்த எண்ணின் மேலேயே 'டக்'கென்று ஓர் ஓட்டை. அது அவர் தொழிலின் சட்டம். எந்த எண்ணைச் சரிபார்த்தோமோ அந்த எண்ணின் மேல்தான் ஓட்டை விழ வேண்டும். ஓரத்தில் போட்டால் பயணி அதே டிக்கெட்டைத் தம்பிக்குக் கொடுப்பான், தம்பி மறுநாள் அதிலேயே ஜம்மென்று போய் வருவான் என்பார். மாத்திரை அட்டையில் யாருடைய தம்பி ஏறப் போகிறான் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அவருடைய சந்தேக நோட்டில் என் பெயர் ஏறும்.

ஓட்டை விழுந்த அட்டைகள் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். அம்மாவுக்கு ஒரே உத்தரவு: ஓட்டை இருந்தால் சாப்பிடலாம், இல்லாவிட்டால் தொடக்கூடாது.

இதெல்லாம் வெறும் கிறுக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. மூன்று வருடத்துக்கு முன் அம்மாவின் வயிற்றெரிச்சல் மாத்திரைக்குப் பதிலாக யாருக்கோ போக வேண்டிய வலிப்பு மாத்திரை எங்கள் பையில் வந்திருந்தது. அப்பா பிடித்துவிட்டார். கடைக்காரர் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அந்த ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு அப்பா மூன்று வருடம் ஓட்டினார். அதற்குப் பிறகு எதுவும் சிக்கவில்லை என்பதே அவருடைய பெரிய சந்தேகம். "இவ்வளவு சுத்தமா இருக்காங்கன்னா என்னவோ இருக்கு."

அந்த என்னவோ, போன மாதம் வந்தது.

அம்மாவுக்கு பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று டாக்டர் பத்து மில்லிகிராம் மாத்திரையை ஐந்தாகக் குறைத்தார். நல்ல செய்திதான். புது அட்டைகள் வந்தன, விசாரணை நடந்தது, ஓட்டை விழுந்தது. பழைய பத்து மில்லிகிராமில் மூன்று அட்டைகள் மீதி இருந்தன. டாக்டர் மறுபடி ஏற்றினாலும் ஏற்றுவார் என்று அப்பா அவற்றை ஒரு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, அதே டப்பாவின் அடியில் வைத்தார். டாக்டர் மேலும் அவருக்கு ஒரு கண் உண்டு.

நான்கைந்து நாளில் அம்மாவுக்குத் தலைசுற்றல் ஆரம்பித்தது.

அம்மா ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுக்கிறவள். உட்கார்ந்து தைத்துவிட்டு எழுந்தால் தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. "ஒண்ணுமில்லைங்க, கண்ணு ரெண்டு நிமிஷம் இருட்டிக்கிட்டு வருது, அவ்வளவுதான்" என்பாள். கண் இருட்டுவதை 'அவ்வளவுதான்' என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் எங்கள் அம்மா.

அப்பா நோட்டைத் திறந்தார். தேதி, நேரம், சம்பவ இடம், சந்தேகத்துக்குரியவர் என்று நான்கு பத்தி. முதல் பெயர் மருந்துக்கடை. பழைய கடைக்காரர் இப்போது கல்லாவில் உட்கார்ந்துவிட, மருந்து எடுத்துக் கொடுக்க நாற்பது வயதில் ஓர் அக்கா வந்திருந்தார். சீட்டின் மேல் ஒரு ஸ்கேலை வைத்து வரி வரியாக நகர்த்திப் படிப்பார். சிரிக்க மாட்டார். அப்பா அவருக்கு 'ஸ்கேல்' என்றே பெயர் வைத்துவிட்டார். இரண்டாவது பெயர் டாக்டர். மூன்றாவது நான்.

"நானா? நான் என்னப்பா பண்ணேன்?"

"கடையிலேருந்து பையத் தூக்கிட்டு வந்தது யாரு? வழியில எங்கயாவது கீழ வெச்சியா?"

"இல்லை."

"யோசிச்சுச் சொல்லு. யோசிக்காம இல்லைங்கறவன்தான் வழக்கமா..." என்று நிறுத்திக்கொண்டு என் பெயருக்கு எதிரே எதையோ எழுதினார்.

நான் கல்லூரியில் புள்ளியியல் இரண்டாம் வருடம். என் பெயரை நீக்கிக்கொள்ளும் நோக்கத்தில், அம்மாவின் தலைசுற்றல் நாட்களை வைத்து ஓர் அட்டவணை போட்டேன். ஒன்பது தலைசுற்றல் நாட்களில் ஆறு, திரைக்கு அளவு கொடுக்க வாடிக்கையாளர்கள் வந்த நாட்கள். எங்கள் பேராசிரியராக இருந்தால் இதை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று ஒரு மணி நேரம் பேசியிருப்பார். அப்பா அரை நிமிடத்தில் முடிவுக்கு வந்தார்.

"அந்த நீலத் திரைக்காரம்மா வந்தப்போ குடிக்க ஏதாவது குடுத்தாங்களா உனக்கு?"

"நம்ம வீட்டுக்கு வந்தவங்க எனக்கு எதுக்குங்க குடுக்கணும்? நான்தான் டீ போட்டுக் குடுத்தேன்."

"நீ குடுத்தியா?" அப்பா பேனாவை எடுத்தார். "அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

அம்மா மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அதற்கு மேல் யார் பேசினாலும் அவள் காதில் விழாது.

அடுத்த நாள் நான் மஃப்டியில் மருந்துக்கடைக்கு அனுப்பப்பட்டேன். மஃப்டி என்றால், வழக்கமாகப் போடும் சட்டையைப் போடாமல் போவது. தொண்டை வலி மிட்டாய் கேட்டுக்கொண்டே கண்ணை ஓட்டினேன். கண்ணாடி மேசைக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஸ்கேல் அக்கா முதுகைக் காட்டியபோது எட்டிப் பார்த்தேன். அம்மாவின் ஐந்து மில்லிகிராமும் பத்து மில்லிகிராமும் பக்கத்துப் பக்கத்து இழுப்பறையில் இருந்தன. இரண்டும் ஒரே கம்பெனி. இரண்டும் ஒரே பச்சை அட்டை.

அதுவரை விளையாட்டாகத்தான் வந்திருந்தேன்.

"அம்மாவுக்கு எப்படி இருக்கு தம்பி?" என்றார் அக்கா, திரும்பாமலே.

"எந்த அம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் திரும்பி என்னை ஒரு நொடி பார்த்தார். "உங்க அம்மா."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பாவின் முகத்தில் முப்பத்தொரு வருடமும் திரும்பி வந்தது. "ஒரே பச்சையா! பக்கத்துப் பக்கத்துலயா!" எழுந்து நடந்தார். "அதைவிடு. அவ எதுக்கு எப்படி இருக்குன்னு கேட்டா? உடம்பு சரியில்லாம இருக்கும்னு தெரிஞ்சவதானே கேப்பா?"

"பிரஷர் மாத்திரை வாங்கறவங்க வீட்டுப் பையன்கிட்ட யாரும் அதைத்தாங்க கேப்பாங்க" என்றாள் அம்மா.

"இத்தனை வருஷமா கடை வெச்சிருக்காரே கல்லாக்காரர், அவரு ஒரு தடவை கேட்டிருப்பாரா?"

உண்மையிலேயே அவர் கேட்டதில்லை. யோசிக்க யோசிக்க எனக்கும் அந்தக் கேள்வி சரியில்லை என்றே பட்டது. எப்படி இருக்கு என்று ஒருவர் கேட்டால் அதற்குள் எவ்வளவு இருக்கலாம் என்று அன்றுதான் பார்த்தேன். சந்தேகம் என்பது எங்கள் வீட்டில் ஜலதோஷம் மாதிரி, ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும்.

ஆனால் அட்டையில் இருக்கும் தவறை எப்படி நிரூபிப்பது என்று அப்பாவுக்குப் பிடிபடவில்லை. வந்த அன்று அவரே பார்த்திருக்கிறார். ஐந்து என்று இருந்தது. "அட்டையில அஞ்சு, உள்ள பத்து" என்று ஒரு கருத்தை உருவாக்கினார். கம்பெனியும் பட்டியலில் சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை பகலில் அம்மா விழுந்தாள்.

நான் பக்கத்து அறையில் இருந்தேன். மெஷின் சத்தம் நின்றது, நாற்காலி நகர்ந்தது, பிறகு ஏதோ மூட்டை விழுகிற மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் வெட்டிப் போட்ட திரைத்துணியின் நடுவில் அம்மா. மேசை விளிம்பில் புருவம் பட்டு ரத்தம். கையில் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல். அதன் நுனி அவள் கழுத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவும் பார்த்தார், அவரும் சொல்லவில்லை. நோட்டில் 'சம்பவ இடம்' என்ற பத்தி அன்று காலியாக இருந்தது. எழுத முயன்றிருக்கிறார், பேனா ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது.

தெருமுனை கிளினிக் நர்ஸ் புருவத்துக்குக் கட்டுப் போட்டார். டாக்டர் வெளியூரில் இருந்தார். போனில் பிடித்தோம். "இன்னொரு தடவை விழுந்தாங்கன்னா யோசிக்காம ஆஸ்பத்திரியில சேத்துடுங்க. தலையில அடிபட்டா பிரஷர்லாம் அப்புறம்தான். மாத்திரை சரியானதுதான் போடறாங்களான்னு முதல்ல பாருங்க" என்றார்.

"பாக்கறேன் டாக்டர்" என்றார் அப்பா. அந்தக் குரலுக்கு ஓடுகிற பேருந்தும் நின்றுவிடும்.

மறுநாள் காலை மூவரும் மருந்துக்கடைக்குப் போனோம். அம்மா வர வேண்டாம் என்று அப்பா சொன்னதற்கு, "என் பிரஷரைப் பத்திச் சண்டை, நான் இல்லாம எப்படி?" என்று பிஸ்கட் டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். அப்பா பழைய நடையில் நடந்தார், ஓடுகிற பேருந்தில் விழாமல் நடக்கிற, காலை அகட்டிய நடை. ஒரு கை மட்டும் வழி முழுக்க அம்மாவின் முழங்கையைப் பிடித்திருந்தது.

கடையில் நான்கு பேர் வரிசையில் இருந்தார்கள். அப்பா அவர்களைத் தாண்டிப் போய் ஓர் அட்டையைக் கண்ணாடி மேல் வைத்தார்.

"இது நீங்க குடுத்ததுதானே?"

ஸ்கேல் அக்கா அதை எடுத்தார். அம்மாவின் புருவத்தைப் பார்த்தார். "என்ன ஆச்சும்மா?"

"அதைத்தான் நான் உங்ககிட்ட கேக்க வந்திருக்கேன்" என்றார் அப்பா. "அஞ்சு எழுதினா பத்து குடுப்பீங்களா? ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல வெச்சிருக்கீங்க, ஒரே பச்சை. என்கிட்ட சாட்சி இருக்கு." சாட்சி தொண்டை வலி மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தான்.

வரிசையில் இருந்தவர்கள் தங்கள் பைகளைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள். கல்லாவில் இருந்தவர் எழுந்தார்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. ஸ்கேலை எடுத்து அட்டையின் மேல் வைத்தார். நகர்த்தினார். மூலையில் நிறுத்தினார். பிறகு அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டை வழியாக அவருடைய ஒரு கண் அப்பாவைப் பார்த்தது.

"சார், இது எத்தனை மில்லிகிராம்?"

"அஞ்சு. நான் பாத்துட்டுதான் பஞ்ச் பண்ணேன்."

"இந்த அட்டையில மில்லிகிராம் ஒரே இடத்துலதான் போட்டிருப்பான். இந்த மூலையில, சின்ன வட்டத்துக்குள்ள. அங்கதான் ஓட்டை போட்டிருக்கீங்க. இப்ப இது எத்தனை?"

"அஞ்சுதான். நான்தான் பாத்தேனே."

"வேற அட்டை இருக்கா?"

அம்மா டப்பாவைத் திறந்து வைத்தாள். அக்கா அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி மேல் அடுக்கினார். பிரஷர் மாத்திரையில் மட்டும், அப்பா வைத்ததோடு சேர்த்து, ஐந்து அட்டைகள். பாதி காலியானவை, முழுசானவை. எல்லாம் ஒரே பச்சை. எல்லாவற்றிலும் ஒரே மூலையில், ஒரே அளவில், கச்சிதமாக ஓர் ஓட்டை.

"இதுல எது அஞ்சு, எது பத்து, நீங்களே சொல்லுங்க சார்."

அப்பா குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். அட்டையைத் திருப்பினார். டிக்கெட்டைத் தொட்டே கள்ளத்தைக் கண்டுபிடிப்பார் என்று டிப்போவில் பேசிக்கொள்வார்களாம். தொட்டும் பார்த்தார்.

"பழசு தனியா ரப்பர் பேண்டு போட்டு வெச்சிருந்தேனே" என்றார் மெதுவாக. "ரப்பர் பேண்டு எங்க?"

"நீலத் திரையைச் சுருட்டிக் கட்ட எடுத்துக்கிட்டேன்" என்றாள் அம்மா.

"அப்போ நீ எதைப் பாத்து மாத்திரை எடுப்ப?"

"கைக்கு எது வருதோ அது. ஓட்டை இருந்தா சாப்பிடலாம்னு நீங்கதானே சொன்னீங்க? எல்லாத்துலயும் இருந்துச்சு."

வரிசையில் யாரோ இருமினார்கள். அப்பா நிமிரவில்லை. டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்ட பயணிகள் எப்படி நிற்பார்கள் என்று அவர் பலமுறை எங்களுக்கு நடித்துக் காட்டியிருக்கிறார், பையில் தேடுவது போல ஒரு கை, தரையில் ஒரு கண். அன்று நடிக்காமலே அப்படி நின்றார்.

அக்கா அம்மாவை உட்கார வைத்துக் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். தொண்ணூற்றெட்டுக்கு அறுபது. டாக்டருக்கு அவரே போன் செய்தார். இன்றும் நாளையும் மாத்திரை வேண்டாம், நாளை மறுநாளிலிருந்து ஐந்து மட்டும், அதற்கு முன் ஒரு முறை பிரஷர் பார்த்துவிட்டு என்று டாக்டரின் உத்தரவு வந்தது. அக்கா அந்த ஐந்து அட்டைகளையும் எடுத்து, மேசைக்கடியில் வேண்டாத மருந்துகளுக்கென்று இருந்த சிவப்புப் பெட்டியில் போட்டார். வேறொரு நாளாக இருந்தால் அப்பா அந்தச் சிவப்புப் பெட்டி எங்கே போகிறது என்று பின்னாலேயே போயிருப்பார்.

"உங்களைச் சந்தேகப்பட்டது என் தப்பு" என்றார். வீட்டில் அந்த வாக்கியத்தை நான் எந்த வடிவத்திலும் கேட்டதில்லை.

"பரவால்ல சார்." அக்காவின் கழுத்து சிவந்திருந்தது. நான்கு பேர் முன்னால் திட்டு வாங்கியது அவருக்கு இன்னும் ஆறவில்லை. சட்டென்று திரும்பி இழுப்பறையைத் திறந்து, ஒரு பச்சை அட்டையை எடுத்துக் காகித உறையில் போட்டு நீட்டினார்.

அப்பா வாங்கினார். பிரித்துப் பார்க்கவில்லை. கை பேன்ட் பையில் இருந்த பஞ்சைத் தேடிப் போய், பாதியில் வெளியே வந்துவிட்டது. "அவங்க குடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்று உறையை அப்படியே அம்மாவிடம் கொடுத்தார்.

அம்மா தையல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். அவள் யாரையும் சந்தேகப்படுகிறவள் இல்லை. இவ்வளவு நேரம் எல்லோரும் பேசிய அந்தச் சின்ன வட்டம் எங்கேதான் இருக்கிறது, பார்க்கலாம் என்று ஓர் ஆசை, அவ்வளவுதான். அட்டையை எடுத்தாள். மூலையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"இதுல பத்துன்னு போட்டிருக்கே?"

வரிசையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

அக்கா அட்டையை வாங்கிப் பார்த்தார். திறந்து கிடந்த இழுப்பறையைப் பார்த்தார். அதற்குப் பக்கத்து இழுப்பறையைப் பார்த்தார். ஸ்கேல் மேசை மேல் இருந்தது. அவர் இந்த முறை அதைத் தொடவே இல்லை.

"ஐயோ" என்றார். அவர் முகத்தில் எந்த உணர்ச்சியையும் நான் அதுவரை பார்த்திராததால், அது பயம் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "கை... பக்கத்துல போயிடுச்சும்மா. நான் எப்பவும்..."

நான் அப்பாவைப் பார்த்தேன். மூன்று வருடமாக அவர் காத்திருந்த தருணம். கல்லாக்காரர் சாட்சி, வரிசையில் நான்கு பேர் சாட்சி, கையில் பொருள். அப்பா வாயைத் திறந்தார். மூடினார். அம்மாவின் புருவக் கட்டைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சேந்து இவளைக் கொன்னிருப்போம்" என்றார் அக்காவிடம், யாரோ சக ஊழியரிடம் சொல்வது போல.

அக்கா ஐந்தை எடுத்து வந்தார். ஸ்கேலை வைத்துப் படித்தார், சத்தமாக. அம்மா வாங்கிப் படித்தாள், சத்தமாக. பிறகு அப்பா. கடையில் இருந்த எல்லோருக்கும் எங்கள் வீட்டு மாத்திரையின் அளவு மனப்பாடம் ஆகிவிட்டது. அப்பா பஞ்சை வெளியே எடுத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டே தயங்கினார்.

"எங்க போடலாம்?" என்று கேட்டார்.

அக்கா பேனாவால் அட்டையின் காலியான மூலையில் ஒரு புள்ளி வைத்தார். 'டக்.'

போகும்போது கல்லாக்காரர் அந்த இரண்டு இழுப்பறைகளில் ஒன்றைக் கழற்றி, கடையின் மறுகோடிக்குத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். வரிசையில் இருந்த நான்கு பேரும் அவரவர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்திருந்தார்கள்.

இது நடந்து பதினோரு நாளாகிறது. தலைசுற்றல் இல்லை. நோட்டில் அப்பா தினமும் 'இன்று இல்லை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுகிறார். நேற்று அவர் குளிக்கப் போன நேரத்தில் அம்மாவும் நானும் நோட்டைப் புரட்டினோம். சந்தேகத்துக்குரியவர் பத்தியில் மருந்துக்கடை, டாக்டர், நான், நீலத் திரைக்காரம்மா, கம்பெனி எல்லாம் ஒரே கோட்டில் அடிக்கப்பட்டிருந்தன. கீழே, டிப்போ அறிக்கைகளில் எழுதுகிற அதே நேரான கையெழுத்தில்: 'பணி எண் 417. உடந்தை: மருந்துக்கடை.'

417 அப்பாவின் எண். அதைப் பொறித்த பித்தளை வில்லை, சட்டையில் குத்திக்கொள்வது, இன்னும் அலமாரியில் இருக்கிறது.

"ரப்பர் பேண்டை எடுத்தது நான்தானே, என்னை ஏன் எழுதல?" என்று அப்பா வந்ததும் அம்மா கேட்டாள்.

தலையைத் துவட்டிக்கொண்டே அப்பா சொன்னார்: "நீ பயணி."

"ஓஹோ." அம்மா நோட்டை மூடி, பிஸ்கட் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, பஞ்சையும் எடுத்து உள்ளே போட்டு மூடிவிட்டாள். "அப்போ டிக்கெட்டு என்கிட்டயே இருக்கட்டும். பாக்கணும்னா கேட்டு வாங்கிப் பாருங்க."

அம்மா டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். எழுந்து நின்றவளை நாங்கள் இருவரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னத்தை அப்படிப் பாக்கறீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டுவிட்டு, எதையும் பிடித்துக்கொள்ளாமல் நடந்து போனாள்.